ஒவ்வாமை மருந்தின் இரு பேரர்கள்: இமிப்ரமினும் ஃப்ளுவாக்ஸெடினும்

1957 செப்டம்பரில் சூரிச் நகரில் இரண்டாம் உலக மனநல மருத்துவ மாநாடு கூடியது. அங்கே மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் இமிப்ரமினைப் பற்றிப் பேசியபோது அரங்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர். 1990 மார்ச் 26 தேதியிட்ட ‘நியூஸ்வீக்’ இதழின் அட்டையை ஃப்ளுவாக்ஸெடின் காப்ஸ்யூல் பிடித்துக்கொண்டது. முன்னது வந்ததை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் கவனித்தது. பின்னதோ ‘புரோசாக்’ என்ற வணிகப் பெயரோடு, மருந்தே தேவைப்படாதவர்களின் பேச்சிலும் புகுந்துகொண்டது.

மனச்சோர்வுக்கான இவ்விரு மருந்துகளையும் அருகருகே வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பழையது தற்செயலாகக் கிட்டியது, புதியது திட்டமிட்டு ஆக்கப்பட்டது. பழையது உடம்பில் கண்ட இடத்தையெல்லாம் தொடும், புதியது ஒன்றை மட்டும் தொடும். பழையது பின்வாங்கியது, புதியது வென்றது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் பொறுமையாக எடைபோடும்போது, இந்த முரண்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் உறவு தட்டுப்படுகிறது. அவ்வுறவு முரணைவிடச் சுவையானது என்பது என் எண்ணம்.

முதலில் பிறப்பைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கைகி நிறுவனம் 1940-களின் இறுதியில் தேடிக்கொண்டிருந்தது மனச்சோர்வுக்கான மருந்தை அல்ல. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்குமான மருந்தை. பிரெஞ்சு நிறுவனமான ரோன் புலாங்க், ‘பினர்கான்’ என்று நம் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் புரோமெதசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளில் வெற்றி கண்டிருந்தது. அதே சாயலில் ஏதாவது கிடைக்காதா என்று கைகி வேதியியலர்கள், 1899-இலேயே ஆக்கப்பட்டுப் பயனின்றிக் கிடந்த இமினோடைபென்சில் என்னும் பொருளை எடுத்து, அதிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளைச் செய்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஜி 22355 என்று எண் விழுந்தது. அதுவே இமிப்ரமின்.

ஃப்ளுவாக்ஸெடின் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், லில்லி நிறுவனத்தில், 1970-களின் தொடக்கத்தில் உருவானது. அதை வடிவமைத்த வேதியியலர் பிரையன் மோலாய் கையில் எடுத்த தொடக்கப் பொருள் டைஃபென்ஹைட்ரமின். இருமலுக்கு நம் வீடுகளில் ஊற்றிக் கொடுக்கப்பட்ட பெனட்ரில் சிரப்பில் இருந்தது இதுதான். இதுவும் ஒரு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தே. ஆக, தற்செயலின் பிள்ளை என்று சொல்லப்படுவதும் திட்டத்தின் பிள்ளை என்று சொல்லப்படுவதும் தும்மலையும் அரிப்பையும் நிறுத்தப் பிறந்த ஒரே மருந்துக் குடும்பத்தின் பேரர்கள். இரண்டுக்கும் இடையில் மூன்றாவது சாட்சியும் உண்டு. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் உருவாக்கிய சிமெலிடின் என்னும் மனச்சோர்வு மருந்து, ப்ரோம்பெனிரமின் என்னும் ஒவ்வாமை மருந்திலிருந்து வந்தது. அரிப்புக்கு நாம் போட்டுக்கொள்ளும் அவில் மாத்திரையின் பெனிரமினுக்கு ப்ரோம்பெனிரமின் மிக நெருங்கிய உறவு.

பேரர்களின் குணம் மட்டும் வேறுபட்டது. இமிப்ரமின் தாத்தாவின் பழக்கத்தை விடவில்லை. ஹிஸ்டமின் ஏற்பிகளை இன்றும் அடைப்பதால் தூக்கக் கலக்கத்தையும் எடைக் கூடுதலையும் அது தருகிறது. ஃப்ளுவாக்ஸெடின் அந்தப் பழக்கத்தை ஏறக்குறைய முழுவதும் உதறியது. அதனால்தான் அது தூக்கத்தைக் கொடுப்பதைவிடக் கெடுப்பதே அதிகம்.

கண்டறிந்த முறைக்கு வருவோம். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் கூன் ஜி 22355-ஐ முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். அந்நோய்க்கு அப்போது கொடுக்கப்பட்ட குளோர்ப்ரோமசினுக்கு மாற்றாக ஒன்று கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அது பலிக்கவில்லை, சிலர் அமைதி அடைவதற்குப் பதிலாகக் கிளர்ச்சி அடைந்தார்கள். அமைதிப்படுத்தும் மருந்து என்ற கணக்கில் இது தோல்விதான். ஆனால் கிளர்த்தக்கூடிய ஒன்று, சோர்ந்து கிடப்பவரை எழுப்பவும் கூடுமல்லவா? 1956 ஜனவரியில் கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். சில நாள்களில் அவர் தேறினார். ஏறத்தாழ நாற்பது நோயாளிகளின் அனுபவத்தோடு 1957 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. மூளைக்குள் அம்மருந்து என்ன செய்கிறது என்பது அப்போது கூன் உட்பட யாருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தது நோயாளியின் அருகில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் மட்டுமே. காலையில் கனத்து மாலையில் சற்றே இளகும் சோர்வு, உடம்பெல்லாம் பாரமாகத் தோன்றும் களைப்பு, எண்ணமே நகராத தேக்கம் என்று அவர் குறித்துவைத்த வகை நோயாளிகளிடம்தான் மருந்து சிறப்பாக வேலை செய்தது.

லில்லியில் நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசையில். அங்கே நோயாளியே இல்லை. சோதனைக் குழாயும் எலி மூளையும் இருந்தன. ரே ஃபுல்லர், டேவிட் வாங் ஆகியோர், நரம்பு முனைகள் வெளிவிட்ட செரோட்டோனின் என்னும் செய்திப் பொருளை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கும், வேறு எதையும் பெரிதாகத் தொடாத ஒரு பொருளைத் தேடினார்கள். நரம்பு முனைகளைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் புதிய முறை வாங்குக்குக் கைவந்திருந்தது. மோலாய் செய்து வைத்திருந்த பொருள்களை அம்முறையில் சோதித்தபோது 1972-இல் ஒன்று தேறியது. 1974-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது, எந்த வாயிலை அடைக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. எந்த நோய்க்கு எவ்வளவு உதவும் என்பதுதான் தெரியவில்லை. கூனிடம் விடை இருந்தது, விளக்கம் இல்லை. வாங்கிடம் விளக்கம் இருந்தது, விடை இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஃப்ளுவாக்ஸெடினுக்கு ஒப்புதல் தந்தது 1987 டிசம்பரில். தற்செயலாகக் கிட்டியதாகச் சொல்லப்படும் மருந்து முதல் நோயாளியிலிருந்து கடைக்கு வர இரண்டே ஆண்டு எடுத்தது. திட்டமிட்ட மருந்துக்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

அந்த விளக்கம் லில்லிக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை தன்னையே சுற்றி வருகிறது. 1961-இல் ஜூலியஸ் ஆக்சல்ராடும் உடனிருந்தோரும் பூனைகளில் செய்த ஆய்வில், இமிப்ரமின் நார்அட்ரினலின் என்னும் இன்னொரு நரம்புச் செய்திப் பொருளின் மீளுறிஞ்சலைத் தடுப்பதைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் கார்ல்சன் அதே இமிப்ரமின் செரோட்டோனின் மீளுறிஞ்சலையும் தடுப்பதை எடுத்துக்காட்டி, மனநிலையை உயர்த்துவது இந்த இரண்டாவது பணியாகவே இருக்கக்கூடும் என்றார். பழைய மருந்து செய்யும் பல வேலைகளில் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துத் தனி மருந்தாக்கும் கனவு அங்கே பிறந்தது. கார்ல்சனின் சிமெலிடின் 1982-இல் சந்தைக்கு வந்து, நரம்புகளைத் தாக்கும் அரிய நோயொன்றை உண்டாக்கியதால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ஃப்ளுவாக்ஸெடின் நிலைத்தது. திட்டமிட்ட மருந்தின் திட்டத்தை வரைந்து கொடுத்தது தற்செயல் மருந்துதான்.

திட்டம் பலித்ததா என்பதை அளக்க வேண்டுமானால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். லில்லியே அதைச் செய்தது. 1985-இல் தொகுத்து வெளியிடப்பட்ட பலமைய ஆய்வுகளில் புறநோயாளிகளுக்கு ஃப்ளுவாக்ஸெடின், இமிப்ரமின், வெற்று மாத்திரை மூன்றும் ஒப்பிடப்பட்டன. புதிய மருந்து தன்னை நிரூபிக்கப் பழைய மருந்தையே அளவுகோலாக ஏற்றது. மருந்தல்லாத சிகிச்சைகளுக்கும் அதே அளவுகோல்தான்: அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 250 பேரைக் கொண்டு நடத்தி 1989-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், இருவகை உளவியல் சிகிச்சைகள் இமிப்ரமினுக்கு எதிராகவே எடைபோடப்பட்டன.

முடிவு, வடிவமைத்தவர்களுக்குச் சற்றுச் சங்கடமானது. குறிபார்த்துச் செய்த மருந்து, குறிபாராமல் கிடைத்த மருந்தைவிட வலிமையானது என்று ஆய்வுகளின் மொத்தத் தொகுப்பு காட்டவில்லை. இவ்விரண்டும் சார்ந்த குடும்பங்களை ஒப்பிட்டவர்கள், பொதுவாகச் சமநிலை என்றும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான மனச்சோர்வில் பழைய குடும்பத்துக்குச் சற்று முன்னிலை என்றும் கண்டார்கள். 1986-இலும் 1990-இலும் டென்மார்க் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வுகளில் பழைய குடும்பத்தின் குளோமிப்ரமின், புதியவர்களான சிடலோப்ரமையும் பராக்ஸெடினையும் முந்தியது. 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான சிப்ரியானி குழுவின் பெருந்தொகுப்பு 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் கொண்டது. அதில் எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையை முந்தின. பலன் வரிசையின் உச்சியில் நின்றது பழைய குடும்பத்தின் அமிட்ரிப்டிலின். ஃப்ளுவாக்ஸெடின் பலனில் நடுவாந்தரமாகவும் தாங்குமையில் முன்வரிசையிலும் நின்றது. இமிப்ரமின் அந்த 21 மருந்துகளின் பட்டியலிலேயே இல்லை. ஒரு காலத்தின் அளவுகோல் அளக்கப்படும் பொருள்களில் ஒன்றாகக்கூட இடம்பெறாமல் போனதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு.

ஆகவே வேறுபாடு வலிமையில் இல்லை, தாங்குமையில் இருக்கிறது. இங்கே புதியதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் குறைக்கக் கூடாது. இமிப்ரமின் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், முதியவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும், எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். ஃப்ளுவாக்ஸெடின் குமட்டலையும் படபடப்பையும் தரும், தூக்கத்தைக் குறைக்கும், பலருக்குப் பாலுறவு நாட்டத்தையும் உச்சத்தையும் கெடுக்கும். முன்னதன் தொல்லைகளை நோயாளி உடனே சொல்லிவிடுவார். பின்னதன் கடைசித் தொல்லையைக் கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார். புதிய மருந்துகள் வந்த தொடக்கத்தில் இது உள்ளதைவிடக் குறைவாகக் கணக்கிடப்பட்டதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

மிகை அளவு என்று வரும்போது சமன்பாடு முழுவதும் குலைகிறது. இமிப்ரமின் இதயத் தசையின் சோடியம் வாயில்களை அடைக்கும். ஓரிரு வாரங்களுக்கான மாத்திரையை ஒன்றாக விழுங்கினால் உயிர் போகலாம். சாவை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில், அதைத் தடுக்கத் தரும் மருந்தே அதற்கான கருவியாகவும் ஆகிவிடுகிறது. மூன்று நாளுக்கு, ஐந்து நாளுக்கு என்று சீட்டெழுதியும், மாத்திரையை வீட்டுப் பெரியவரிடம் ஒப்படைத்தும் மருத்துவர்கள் சமாளித்து வந்தார்கள். ஃப்ளுவாக்ஸெடினைத் தனியாக மிகையாக விழுங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். வெற்றிக்குக் காரணமாக விளம்பரத்தைச் சொல்வோர் இந்த ஒரு வேறுபாட்டின் கனத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

அளவு முறையும் அதே பக்கம் சாய்கிறது. இமிப்ரமினை 25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 150-க்கோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டும்; ஏற்றப் பயந்த பொது மருத்துவர்கள் பாதி அளவிலேயே நிறுத்தி, மருந்து பலிக்கவில்லை என்றார்கள். ஃப்ளுவாக்ஸெடினுக்கு முதல் நாளே 20 மில்லிகிராம். பலருக்கு அதுவே கடைசி அளவும். இந்த எளிமை மருந்தை மனநல மருத்துவமனையிலிருந்து குடும்ப மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதோடு நோயும் இடம் மாறியது. கூன் கண்ட மனச்சோர்வு படுக்கையில் கிடந்தது. புரோசாக் கண்ட மனச்சோர்வு அலுவலகத்துக்குப் போய் வந்தது. 1993-இல் மனநல மருத்துவர் பீட்டர் கிரேமர் புரோசாக் பற்றி எழுதிய நூல், நோய் தீர்வதையும் தாண்டி, ஆளின் சுபாவமே மாறுவது குறித்துக் கேள்வி எழுப்பியது. இமிப்ரமினைப் பற்றி அப்படியொரு நூல் வந்திருக்க முடியாது. வாய் உலர்ந்து, மலம் கட்டி, தலைசுற்றும் ஒரு மருந்தைச் சுபாவத்தை மெருகேற்ற யார் விழுங்குவார்கள்?

சிறுவர்களிடம் இவ்விரண்டும் இடம் மாறி நிற்பதைப் பார்க்க வியப்பாக இருக்கிறது. மனச்சோர்வுற்ற சிறுவர்களுக்கு இமிப்ரமின் குடும்ப மருந்துகள் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கு இமிப்ரமின் உதவுகிறது. பெரியவர்களின் சிறுநீரை அடைக்கும் அதே தொல்லை இங்கே மருந்தாகத் தோன்றுகிறது, அதன் முழுக் காரணம் அதுமட்டுமில்லை என்றாலும். ஃப்ளுவாக்ஸெடினோ, பெரியவர்களிடம் நடுவாந்தரமாக நின்ற மருந்து, எட்டு வயதிலிருந்து சிறுவர்களின் மனச்சோர்வுக்கு 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வளரிளம் பருவத்தினர் 439 பேரைக் கொண்டு நடந்து 2004-இல் முடிவுகள் வெளியான ஆய்வில், ஃப்ளுவாக்ஸெடினோடு உளவியல் சிகிச்சையும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர்.

அதே 2004-ஆம் ஆண்டில்தான், இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எல்லா மனச்சோர்வு மருந்துகளின் தகவல் குறிப்புகளிலும் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆணையிட்டது. பேச்சு 1990-இலேயே தொடங்கியது: ஃப்ளுவாக்ஸெடின் எடுத்த ஆறு நோயாளிகளுக்குத் தீவிரத் தற்கொலை எண்ணம் தோன்றியதாக ஒரு கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு கூடிய நிபுணர் குழு போதிய சான்றில்லை என்றது. பிறகு இளையோர் வரையில் நிலைப்பாடு மாறியது. இமிப்ரமினின் நிழல் வேறு வகையானது, இன்னும் தாமதமாக விழுந்தது. மூன்ஸ்டர்லிங்கன் அமைந்துள்ள துர்காவ் மாநிலத்தின் அரசு ஏற்பாடு செய்த வரலாற்று ஆய்வு 2019-இல் வெளியானபோது, 1946 முதல் 1980 வரை மூன்ஸ்டர்லிங்கனில் 67 சோதனைப் பொருள்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதும், அவர்களில் பலரிடம் முறையாக இசைவு கேட்கப்படாததும் வெளிப்பட்டன. கூனின் கூர்மையான கவனிப்பும் இந்த ஏற்பாடும் ஒரே வார்டில்தான் நடந்தன. ஒன்றைப் போற்றிக்கொண்டே மற்றதைக் கண்டிக்க வேண்டிய நிலையில் வரலாறு நம்மை நிறுத்துகிறது. லில்லியின் மருந்தைப் பற்றிய ஐயம் மருந்தின் மீது எழுந்தது. கூனின் மருந்தைப் பற்றிய ஐயம் அது கண்டெடுக்கப்பட்ட முறையின் மீது எழுந்தது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரு புதிரில் ஒன்றுபோல் சிக்கிக்கொள்கின்றன. இரண்டுமே விழுங்கிய சில மணி நேரத்தில் மீளுறிஞ்சலைத் தடுத்துவிடுகின்றன. இரண்டுமே மனத்தை முழுமையாகத் தேற்றப் பல வாரம் எடுத்துக்கொள்கின்றன. வாயிலை அடைப்பதுதான் சிகிச்சை என்றால் இந்த இடைவெளி ஏன்? நரம்பு ஏற்பிகள் மெல்லத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன, மூளையின் இணைப்புகள் புதுப்பிக்கப்படுகின்றன என்று விளக்கங்கள் உண்டு. செரோட்டோனின் குறைவதே மனச்சோர்வு என்ற எளிய கருத்துக்கு உறுதியான சான்றில்லை என்று ஜோனா மான்கிரீஃப் குழு 2022-இல் வெளியிட்ட திறனாய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் முடிவை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் ஒரு செய்தியை நினைவில் கொள்ளலாம்: மருந்து பலிப்பதும் அதற்குத் தரப்படும் விளக்கம் சரியாக இருப்பதும் தனித்தனிக் கேள்விகள். கூன் இரண்டாவது கேள்விக்கு விடையில்லாமலே முதலாவதில் வென்றவர். திட்டமிட்ட மருந்தும் இன்று ஏறத்தாழ அவருடைய நிலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியாக, இவ்விரண்டும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் கல்லீரல். இரண்டும் அங்கே ஒரே வகை மாற்றத்துக்கு உள்ளாகின்றன: மூலக்கூறிலிருந்து ஒரு மீதைல் தொகுதி கழற்றப்படுகிறது. இமிப்ரமின் டெசிப்ரமின் ஆகிறது. அது செரோட்டோனினைவிட நார்அட்ரினலின் பக்கமே பெரிதும் சாய்ந்த, தானே தனி மருந்தாக விற்கப்பட்ட பொருள். ஃப்ளுவாக்ஸெடின் நார்ஃப்ளுவாக்ஸெடின் ஆகிறது. அது தாயின் வேலையையே தொடர்ந்து செய்யும், ஆனால் உடம்பை விட்டு எளிதில் போகாது. அதன் அரை ஆயுள் ஒரு வாரத்துக்கு மேலும் நீளக்கூடும். ஒன்று குணம் மாறுகிறது, மற்றது காலம் நீள்கிறது. இமிப்ரமினைத் திடீரென நிறுத்தினால் குமட்டலும் கனவுத் தொல்லையும் வரலாம். ஃப்ளுவாக்ஸெடினோ நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் தானே படிப்படியாகக் குறைகிறது.

டெசிப்ரமினை வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளுவாக்ஸெடின் அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது இமிப்ரமின், டெசிப்ரமின் அளவுகள் இரத்தத்தில் இரண்டு முதல் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது பதிவாகியிருக்கிறது. இதயத்தை அச்சுறுத்தும் மருந்து, தன்னைவிடப் பாதுகாப்பானதாகப் பெயர் பெற்ற மருந்தின் உதவியால்தான் தன் ஆபத்தை இப்படிப் பெருக்கிக்கொள்கிறது. அதனால், ஃப்ளுவாக்ஸெடின் பலிக்காமல் இமிப்ரமினுக்கு மாற்ற நினைக்கும் மருத்துவர் வழக்கமான அளவில் தொடங்கமாட்டார். குறைந்த அளவில் தொடங்கி, இதயத் துடிப்புப் பதிவைப் பார்த்து, வசதி இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவையும் சோதித்து, மெல்ல ஏற்றுவார். சீட்டில் எழுதியிருப்பது ஒரு மருந்துதான். ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு அவர் கணக்கில் வைப்பது இரண்டையும்.